‘முழு நாள்’ பேக்கேஜ்: சீனத் திருமணத்துக்குப் புகைப்படக்காரரை அமர்த்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் சீன முறைத் திருமணத்தைப் படம் பிடிக்க ஆள் பேசப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சீனக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்யும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. சடங்குகளின் வரிசை பழக்கமில்லாததால், புகைப்படக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

அண்மையில் ஒரு சீனத் தம்பதி ஏமாந்த விதம் இது. பேசியது ‘முழு நாள்’ பேக்கேஜ். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘தொடர்ச்சியாக 10 மணி நேரம்’ என்று இருந்தது. காலை 6.30க்கு மணமகளின் ஒப்பனையோடு தொடங்கிய கணக்கு மாலை 4.30க்கே முடிந்துவிட்டது. வீட்டுச் சடங்குகள் முடிந்து எல்லோரும் ஓய்வெடுத்த மதிய நேரமும் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் அடக்கம். விருந்தோ இரவில். ஹோட்டலுக்குள் நுழைந்ததும், இனி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதல் கட்டணம் என்றது புகைப்பட நிறுவனம். மீதிப் பணம் முழுவதையும் ஒரு வாரம் முன்பே வாங்கியாகிவிட்டது. விருந்தினர் வந்துகொண்டிருக்கும்போது யாரால் பேரம் பேச முடியும்? கேட்டதைக் கொடுத்தார்கள்.

சீனத் திருமண நாள் எவ்வளவு நீளமானது என்று நிறுவனத்துக்குத் தெரியாமல் இல்லை. மணமகளின் தோழிகள் மணமகனைக் கதவில் மறித்து விளையாட்டு வைப்பது, உள்ளே விட அங் பாவ் (சிவப்பு உறையில் பணம்) பேரம், மணமகளை அழைத்துக்கொண்டு மணமகன் வீட்டுக்குப் போய்த் தேநீர்ச் சடங்கு, மறுபடி மணமகள் வீட்டுக்கு வந்து அங்கேயும் தேநீர்ச் சடங்கு. இரவு விருந்து முடிய 11 மணி ஆகலாம். முந்தைய இரவு நல்ல நேரம் பார்த்து நடக்கும் தலைவாரும் சடங்கு பெரும்பாலான பேக்கேஜ்களில் சேராது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ‘முழு நாள்’ என்ற சொல்லே வேண்டாம். ‘காலை 6.30 முதல் மதியம் 1 வரை, மாலை 5.30 முதல் இரவு 11 வரை’ என்று கடிகார நேரத்தைப் போடச் சொல்லுங்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, வந்த ஆளால் நேர்ந்தது. ஆல்பம் காட்டிப் பேசியவர் ஒருவர். அன்று காலை வந்தவர் வேறொருவர். வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்து ஆள் அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். அனுப்பட்டும், தவறில்லை. ஆனால் அந்த ஆளுக்குத் தேநீர்ச் சடங்கு எப்படி நடக்கும் என்பதே தெரியவில்லை.

தேநீர்ச் சடங்கில் மூத்தோர் இருவர் இருவராக வந்து உட்காருவார்கள். வயதும் உறவும்தான் வரிசையை முடிவு செய்யும். மணமக்கள் மண்டியிட்டோ குனிந்தோ இரு கைகளாலும் கோப்பையை நீட்டுவார்கள். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மூத்தோர் அங் பாவ் கொடுப்பார்கள் அல்லது நகையை அங்கேயே அணிவிப்பார்கள். ஒரு ஜோடிக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். கோப்பை கை மாறும் நொடி, மூத்தவர் முகம், நகை பூட்டும் கை என்று குறைந்தது மூன்று படங்கள் அதற்குள் விழுந்தாக வேண்டும். அதற்கு மூத்தோரின் தோளருகே பக்கவாட்டில் நின்று மணமக்களைப் பிடித்து, உடனே எதிர்ப்பக்கம் நகர்ந்து மூத்தோரைப் பிடிக்க வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஓடியாட இடம் இருக்காது. எனவே சோபாவை எங்கே போடுவது என்பதைச் சடங்கு தொடங்கும் முன்பே புகைப்படக்காரர் சொல்லிவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது.

வந்தவர் சடங்கு முழுவதும் மணமக்களுக்குப் பின்னாலேயே நின்றார். கிடைத்தவை முதுகுகள். மாமியார் நகை பூட்டியபோது இவர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். தியோசியூ எனும் சீனப் பிரிவினரின் குடும்பங்களில் மணமகன் வீட்டார் மணமகளுக்குத் தரும் ‘நாலு பொன்’ எனப்படும் நான்கு தங்க நகைகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். நம் வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் வெளியே நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஆகவே, வரப்போகிறவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் எடுத்த ஒரே ஒரு சீனத் திருமணத்தை, முதல் படம் முதல் கடைசிப் படம் வரை, காட்டச் சொல்லுங்கள். பல திருமணங்களிலிருந்து பொறுக்கிய முப்பது படங்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்த முழுத் தொகுப்பில் சிவப்பைக் கவனியுங்கள். மணமகளின் குவா உடை சிவப்புத் துணியில் பொன், வெள்ளி இழை வேலைப்பாடு கொண்டது. கேமராவின் சராசரி ஒளியளவை மட்டும் நம்பி எடுத்தால் சிவப்பு அளவு மீறி, அதில் தைத்த டிராகனும் பீனிக்ஸ் பறவையும் ஒரே சிவப்புத் திட்டாகக் கரைந்துவிடும். தெரிந்தவர்கள் சிவப்பு நிறத்துக்கான ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடத்தை) தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் ஒளியை அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் அளவு குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுப்பார்கள். சிவப்புத் துணியும் சிவப்புக் குடையும் முகத்தில் எதிரொளிக்கும் சிக்கலும் உண்டு. வீட்டுக்குள் என்றால் ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் பெருமளவு சரியாகும். முகங்கள் எல்லாம் காய்ச்சல் கண்டவை போலச் சிவந்திருந்தால் அந்த ஆல்பத்துக்கு உரியவரை விட்டுவிடுங்கள்.

விருந்தில் மேசைக்குப் பத்துப் பேர். மேசை மேசையாகப் படம் எடுக்க, மேசைக்கு 2 நிமிடம் என்றாலும் 30 மேசைக்கு ஒரு மணி நேரம். ஒரே ஆள் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் அரங்கில் வேறு எது நடந்தாலும் படம் இருக்காது. பெரிய விருந்துக்கு இரண்டாவது ஆள் அவசியம்.

இந்தத் தம்பதிக்கு இன்னொன்றும் நடந்தது. மணமகள் வீட்டுத் தேநீர்ச் சடங்கு இருந்த மெமரி கார்டு படிக்காமல் போய்விட்டது. இரண்டு கார்டு போடும் கேமராதான். ஆனால் இரண்டாவது, முதலாவது நிரம்பிய பிறகு பதிவாகும்படி வைக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைப்பது மெனுவில் ஒரு நிமிட வேலை. இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கார்டு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், உடனே அதில் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பல நேரம் கோப்புகளை மீட்க முடிகிறது. மேலே புதுப் படம் பதிந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பதிவு செய்யும்போது ஒரு பங்கு, திருமணத்தன்று ஒரு பங்கு, எல்லாப் படங்களும் முழு அளவில் கைக்கு வந்த பிறகு ஒரு பங்கு. எத்தனை படங்கள், எத்தனை வாரத்தில், டிஜிட்டல் கோப்புகளுக்குத் தனி விலை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதையும் அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்கள் முதலில் எழுத்து மூலம் நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ‘கேஸ்’ எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அவர்களுக்கு அனுமதியும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வந்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.