மூன்று பாட்டிலில் ஒரே எண்: டோரா நிறங்களோடு எட்டு வருடம்

இரண்டாம் உலகப்போரின் கடைசி வருடத்து ஜெர்மன் சண்டை விமானங்களின் பிளாஸ்டிக் மாடல்களை மட்டுமே கட்டுகிறவன் நான். 1/48 அளவில் இதுவரை பதினொன்று முடித்திருக்கிறேன். அதில் ஐந்து ஃபோக்கே-வுல்ஃப் 190 டி-9, செல்லமாக ‘டோரா’. இந்த எட்டு வருடத்தில் அடித்துப் பார்த்த பெயிண்ட் மூன்று வகை: தண்ணீரில் கரையும் அக்ரிலிக், லாக்கர், பழைய எனாமல். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், வகையைச் சொன்னாலே போதும்.

முதலில் கோபம் வந்த கதை. மூன்று பாட்டிலிலும் ‘ஆர்எல்எம் 82’ என்றுதான் லேபிள். வெள்ளை பிளாஸ்டிக்கில் பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் ஒன்று வாழைக்குருத்து, ஒன்று புல், ஒன்று குளத்துப் பாசி. ஆர்எல்எம் என்பது அன்றைய ஜெர்மன் விமானத்துறை அமைச்சகம். அது எண் போட்டுக் கொடுத்த நிறம் எப்படி மூன்றாகும்? யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் ஏமாற்றவில்லை. 1944 கோடையில் 81, 82 என்ற புது நிறங்களுக்கு மாறச் சொல்லி ஆலைகளுக்கு உத்தரவு போனது, ஆனால் கூடவே போகவேண்டிய மாதிரி நிற அட்டை போகவில்லை. கையிருப்பில் உள்ள பழைய பெயிண்டையும் தீர்த்துவிட வேண்டும் என்றார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து இறக்கை ஓர் இடத்தில், உடல் இன்னோர் இடத்தில், வால் வேறோர் இடத்தில் என்று வேலை சிதறிக் கிடந்தது. ஒரே விமானத்திலேயே பச்சைகள் ஒத்துப்போகவில்லை. டோராவின் இறக்கை அடிப்பக்கத்தைச் சில ஆலைகள் பாதிக்கு மேல் பெயிண்டே அடிக்காமல் வெறும் உலோகமாக விட்டன. 83 கதை இன்னும் வேடிக்கை. பல வருடம் கரும்பச்சை என்று எல்லோரும் அடித்தோம், அப்புறம் ஆவணங்களைத் தோண்டியவர்கள் அது நீலம் என்கிறார்கள். என் அலமாரியில் கரும்பச்சை 83 இன்னும் இரண்டு பாட்டில் பாக்கி.

இது தெரிந்த பிறகு லேபிளை நம்புவதை விட்டுவிட்டு, பெயிண்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். அக்ரிலிக்கில் நாற்றம் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ஆனால் பெயிண்டைக் காற்றில் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவியின் ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், மாஸ்கிங் டேப்பை உரித்தால் கூடவே வரும். உடலின் பக்கவாட்டுப் புள்ளிகளை அதில் அடிப்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. லாக்கர் ஒட்டினால் ஒட்டினதுதான், இரண்டாவது டோராவில் இன்றுவரை ஒரு சிராய்ப்பு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள். ஈரம் புகுந்து மேலே வெள்ளை பூத்துவிடும், நான் ஓர் இறக்கையை முழுக்கச் சுரண்டியிருக்கிறேன்.

மஞ்சள் எந்த வகையிலும் தொல்லை. 1945 தொடக்கத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் வால் பக்கம் ஒரு நிறப்பட்டை ஒதுக்கினார்கள். ஜேஜி 26 (ஜேஜி என்றால் சண்டை விமானப் படைப்பிரிவு) என்பதற்குக் கறுப்பு-வெள்ளை, ஜேஜி 301-க்கு மஞ்சள்-சிவப்பு. அந்த மஞ்சள், பச்சையின் மேல் நிற்கவே நிற்காது. அடியில் வெள்ளை அடித்தே ஆகவேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது ஜேவி 44 என்ற ஜெட் விமானப் பிரிவின் டோரா. மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுகள் தரையிறங்கும் நேரத்தில் எதிரியிடம் எளிதாகச் சிக்கும் என்பதால் காவலுக்கு டோராக்களை வைத்தார்கள். 1944 இலையுதிர்காலத்தில் ஆக்மெர், ஹெஸெபெ தளங்களில் இந்த வேலையைச் செய்தது ஜேஜி 54-இன் மூன்றாம் குரூப்பே, அதாவது உட்பிரிவு. அதன் தலைவர் ராபர்ட் வைஸ் அந்த டிசம்பர் 29-இல் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். 1945-இல் ஜேவி 44 இருந்த மியூனிக்-ரீம் தளத்தில் ஹைன்ஸ் ஸாக்ஸன்பெர்க் தலைமையில் அதே காவல். சொந்த பீரங்கிக்காரர்களே சுட்டுவிடக்கூடாது என்று அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். வெள்ளையை அடித்து, டேப் ஒட்டி, மேலே சிவப்பு, சொல்ல எளிது. அக்ரிலிக்கில் சிவப்பு டேப்புக்கு அடியில் கசிந்தது. லாக்கரில் இரண்டாம் முறையில் முடிந்தது.

வாலில் ஸ்வஸ்திகா டீகால் (ஒட்டுப்படம்) ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். அம்மா அதை மங்கலச் சின்னம் என்று நினைத்துப் பொட்டு வைக்க வந்தார். நாஜிகளைப் பற்றி விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

புதிதாக வாங்குகிறவருக்கு: லாக்கர் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எனாமலை நான் விட்டது காய இரண்டு நாள் ஆவதால்தான். அதில் அடித்த என் முதல் டோராவின் வெளிர்நீல அடிப்பக்கம் வருடங்கள் போகப்போக மஞ்சளித்து, இப்போது லேசான பச்சையாக நிற்கிறது. கடைசி மாத டோராக்களின் அடியில் காணும் அந்தப் பச்சை கலந்த நீலத்துக்கு மாடல் கட்டுகிறவர்களே ‘84’ என்று எண் வைத்திருக்கிறார்கள், அமைச்சகம் வைத்ததில்லை. அதை வேண்டுமென்று கலந்து மூன்று முறை தோற்றிருக்கிறேன். இது அலமாரியில் தானாகவே வந்தது.