8,500 ரூபாய்க்கு ‘ஸ்பாம் பாதுகாப்பு’ போட்டேன், கலியாண ஓடர்கள் போய்விட்டன

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் கலியாணக் காட் அடிக்கும் சின்ன அச்சகம் என்னுடையது. ஓடரில் பாதிக்கு மேல் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துதான் வரும், அதுவும் ஈமெயிலில். கடைக் கணினியில் ஈமெயில் பார்க்கிறதுக்குத் தண்டர்பேர்ட் என்ற செயலியை வைத்திருக்கிறேன். லொத்தர் விழுந்தது, பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று ஒரு நாளைக்கு 40 குப்பையாவது வந்து விழும். அதற்கு வழி தேடிப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு கணினி திருத்தும் கடை. அங்கிருந்து வந்த பொடியன் அரை மணித்தியாலம்கூட இருக்கவில்லை. “விசேஷ ஸ்பாம் பாதுகாப்பு போட்டிருக்கிறன் ஐயா. வருடாந்த லைசன்ஸ். இனிக் குப்பை உங்கட கண்ணிலயே படாது” என்றான். பில் 8,500 ரூபாய். இன்பொக்ஸில் பழைய அஞ்சல்களைக் காணவில்லையே என்று கேட்டதற்கு, “ஆர்க்கைவ் பண்ணியாச்சு ஐயா” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான்.

சொன்னபடியே குப்பை கண்ணில் படவில்லை. ஆவணிக் கலியாணங்களுக்கு ஓடர் குவிகிற நேரத்தில் வேறு எதுவுமே படவில்லை என்பது உறைக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அதுவும் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் போன் எடுத்து, “நாலு மெயில் போட்டன் அண்ணா, ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லியிருக்கலாமே” என்று கோபித்த பிறகுதான். 600 காட்டை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம்.

அக்காவின் மகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, இதில புதுசா ஒன்றுமே இல்லை.” தண்டர்பேர்டோடு சும்மா வருகிற ஜங்க் வடிகட்டியைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அந்த வடிகட்டிக்கு எது குப்பை என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓர் அஞ்சலைக் குப்பை என்று காட்டினால் அதிலுள்ள சொற்களைப் பிரித்தெடுத்து, எந்தச் சொல் குப்பையில் எத்தனை தரம் வந்தது, நல்லதில் எத்தனை தரம் வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். புதிதாக ஓர் அஞ்சல் வந்ததும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லும். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் பேயஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றம்தான் அடிப்படையாம். உயர்தரத்தில் படித்ததை எனக்கு ஒப்புவித்ததில் மருமகனுக்கு நல்ல சந்தோஷம்.

ஆக, நல்ல அஞ்சல்களையும் ‘இது குப்பை இல்லை’ என்று காட்டிப் பழக்க வேண்டும். பொடியனைப் போனில் பிடித்துக் கேட்டோம். “எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஜே அடிச்சனான்” என்றான், ஏதோ சாதித்த மாதிரி. ஜே விசை குப்பை என்று குறிக்கும், ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால் குப்பை இல்லை என்று குறிக்கும். இன்பொக்ஸ் முழுவதையும் குப்பை என்று படிப்பித்திருக்கிறான். பேமென்ட், கோல்ட், அர்ஜன்ட் எல்லாம் லொத்தர்க்காரனும் எழுதுகிற சொல், பொன்னிற எழுத்தில் காட் கேட்கிற கலியாண வீட்டுக்காரரும் எழுதுகிற சொல். வடிகட்டி என்ன செய்யும், பாவம்.

முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் அஞ்சலை மட்டும் அது தொடவில்லை. அதனால்தான் கடதாசிக்காரரின் பில்கள் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன!

இதைவிட மோசமான வேலை இன்னொன்று. 14 நாளுக்கு மேற்பட்ட ஜங்க்கைத் தானாக அழிக்கிற தெரிவுக்கும் சரி போட்டிருந்தான். நான் பாவிப்பது பொப் கணக்கு, அதாவது அஞ்சலைச் சேவையகத்திலிருந்து என் கணினிக்கு இறக்கிக்கொள்கிற வகை. சேவையகத்தில் பிரதி வைக்கும் தெரிவையும் எடுத்துவிட்டிருந்தான். ஆகவே பழையவை எங்கேயும் இல்லை. கடைசி இரண்டு கிழமையில் வந்தவை மட்டும் ஜங்க் பெட்டிக்குள் கிடந்தன. அதில் ஒன்பது ஓடர். இரண்டு பேர் மட்டும் இன்னும் காத்திருந்தார்கள்.

மருமகன் பழைய பயிற்சித் தரவை அழித்து, அந்த இரண்டு சரியையும் மாற்றிவிட்டான். இப்போது காலையில் தேத்தண்ணியோடு ஜங்க் பெட்டியைத் திறந்து, நல்லது இருந்தால் வெளியே எடுத்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை.

காசைத் திருப்பிக் கேட்டேன். சேவைக் கட்டணம் திருப்ப ஏலாதாம். நேற்று அதே கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது: லைசன்ஸை முன்கூட்டியே புதுப்பித்தால் 1,000 ரூபாய் கழிவாம்.