பழைய நூல், புது அட்டை: எந்த மறுபதிப்பை வாங்கலாம்?

சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒரு தடித்த புத்தகத்தை வரவழைத்தால் தபால் செலவே கையைக் கடிக்கும். அதன் மேல் 15 சதவீத வாட் வரி. தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கும் விலக்கு இல்லை. அட்டையின் மினுமினுப்பைப் பார்த்து மறுபதிப்பு வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்க வேண்டும்.

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. 1875இல் அவரே விரித்துத் திருத்தினார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 1913இல் வேறு இருவர் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பறையர் திராவிடரா, தோடர் திராவிடரா என்று கால்டுவெல் ஆராய்ந்திருந்த பின்னிணைப்புகள் அதில் இல்லை. பின்னாளில் பரவலாக விற்ற மறுபதிப்புகள் இந்த 1913ஆம் ஆண்டுப் பிரதியின் படிகளே. 1875ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக மீட்டது 2008இல் வந்த கவிதாசரண் பதிப்பு. வேற்றுமை உருபும் வினைத்திரிபும் மட்டும் பார்ப்பவருக்கு 1913 போதும். சமூக வரலாற்றுக்காக வாங்குபவருக்கு நீக்கப்பட்ட பக்கங்கள்தானே தேவை? நான் தயங்காமல் 2008ஐத்தான் சொல்வேன்.

அபிதான சிந்தாமணியில் சிக்கல் வேறு. சிங்காரவேலு முதலியாரின் இந்தக் கலைக்களஞ்சியம் 1910இல் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. விரிவான இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தது. இன்று இரண்டு வகைகள் கிடைக்கின்றன: பழைய பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்டவை, புதிதாக எழுத்துக் கோத்தவை. படமெடுத்ததில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவ ணை, லை, ளை, னை எல்லாம் அப்படியே இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவத்தில் படிக்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே திணறுவார்கள். புதிதாகக் கோத்தது கண்ணுக்கு இதம். ஆனால் கணினி வழியே எழுத்துணர்ந்து, மெய்ப்புப் பார்க்காமல் விட்ட நூலில் காலும் ரகரமும் குழம்பும். பாரதம் ‘பரரதம்’ ஆகும். கதையில் இப்படி நேர்ந்தால் ஊகித்துப் படித்துவிடலாம். அகராதி வரிசையில் பெயர் தேடும் நூலில் ஓர் எழுத்து பிசகினால் பதிவே கைக்கு எட்டாமல் போகும். எனவே வீட்டுக்குப் படமெடுத்த பதிப்பும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும்; வகுப்பறைக்கு, நாலு பக்கம் புரட்டிச் சோதித்த பிறகு, புதுக்கோப்பு.

நம்மவர்கள் அதிகம் விசாரிப்பது தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஆங்கில நூலை. காரணம் உண்டு. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்களில் சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் எல்லாம் பதிவாகியுள்ளன. அங்கே பாட்டனின் பெயரைக் கண்டவர் அடுத்ததாகத் தர்ஸ்டனைத் தேடுகிறார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த நூல் அது. கேட்டவுடன் ஒரு படி அச்சடித்து அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் நான் ஒரு தொகுதி வாங்கினேன்: புகைப்படங்கள் கருந்திட்டுகளாக இருந்தன, ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் மறைந்திருந்தன. அதே ஏழு தொகுதிகளும் கூட்டன்பர்க் திட்டத் தளத்தில் இலவசமாக உள்ளன, தேடவும் முடியும். இதற்குக் காசு கொடுப்பது வீண். மூக்கை அளந்து மனிதரை வகைப்படுத்திய அதிகாரியின் நூல் என்பதை மட்டும் மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது. அதைப் பற்றி எச்சரிக்கும் நல்ல முன்னுரையோடு யாராவது பதிப்பித்தால் அதற்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

நேட்டால் இந்தியர் வரலாற்றை எழுதிய மேபல் பாமரின் நூல் வந்தால் இந்தக் கவலையே வேண்டாம். 1957இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டதை 1977இல் அமெரிக்காவின் கிரீன்வுட் மறுபடி அச்சிட்டது. எது மலிவோ, எதன் தையல் உறுதியோ அதை வாங்குங்கள்.