எண்ணெய் பாய்லரை மாற்றும்போது: எஞ்சிய வெப்பம் எங்கே போகிறது?

சென்ற சனவரியில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள எங்கள் வீட்டின் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீரைக் காய்ச்சும் பழைய வார்ப்பிரும்பு எண்ணெய் பாய்லர் சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. அதனால் எண்ணெயில் எரியும் புதிய பாய்லருக்கே மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்து விலைப்புள்ளி கேட்டோம். மூவரும் சொன்ன இயந்திரங்கள் வேறு வேறு. அளவு மட்டும் ஒன்றே: பழைய பாய்லரின் அளவு பொறித்த தகட்டைப் பார்த்து அதையே எழுதியிருந்தார்கள். இந்த வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆகவே நானே கணக்கிட்டேன். எண்ணெயை எரிக்கும் பர்னரில் இருந்த நாசில், அதாவது துளையுள்ள முனை, மணிக்கு 1.10 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) எண்ணெயைப் பீய்ச்சுவது. வெளியே 5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 15 செல்சியஸ் இருந்த ஒரு நாளில், பர்னர் மொத்தம் 8 மணி நேரம் எரிந்தது. அப்படியானால் 8.8 கேலன். ஒரு கேலனில் ஏறக்குறைய 1,38,500 பி.டி.யு. (அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. அதில் 80 விழுக்காடு நீருக்குப் போனதாகக் கொண்டு 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், மணிக்குச் சுமார் 40,000 பி.டி.யு. வருகிறது. குளிக்கும் வெந்நீருக்குச் செலவானதும் இதில் அடக்கம். பழைய பாய்லர் தரக்கூடியதோ 1,20,000க்கு மேல். கடுங்குளிரிலும் தேவையைப்போல் மூன்று மடங்கு!

சரி, 40,000 பி.டி.யு. தரும் எண்ணெய் பாய்லரை வாங்கிவிடலாமே என்றால், அது கிடைப்பது அரிது. எரிவாயு பாய்லரைப் போல், வீடுகளுக்கான எண்ணெய் பர்னரால் பொதுவாகச் சுடரைக் கூட்டிக் குறைத்து எரிய முடியாது. நாசிலின் துளையை மிகச் சிறிதாக்கினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மணிக்கு 0.60 கேலன் அளவில் வருபவைதான் பொதுவாகக் கிடைக்கும் சிறியவை. அவையும் 70,000 பி.டி.யு. தரும். ஆக, எதை வாங்கினாலும் அது கொஞ்சம் பெரியதுதான். எரிந்து எரிந்து அணையத்தான் போகிறது. அணைந்த பிறகு இரும்பிலும் நீரிலும் தங்கும் சூடு வீட்டுக்குள் வருகிறதா, சிம்னி வழியே போகிறதா? நான் எல்லா இயந்திரங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். ஆண்டுத் திறன் (எண்ணெயின் வெப்பத்தில் எத்தனை விழுக்காடு ஆண்டு முழுவதுமாகப் பயன்படுகிறது) என்று அட்டையில் ஒட்டியிருக்கும் எண் இதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. 2021 முதல் வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லர்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது 86 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதால், அந்த எண்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன.

முதல் விலைப்புள்ளி மிக மலிவு: வழக்கமான வார்ப்பிரும்பு பாய்லர், அதன் வயிற்றுக்குள்ளேயே குளியலறைக் குழாய்க்கு வெந்நீர் தரும் சுருள். தனித் தொட்டி வேண்டாம், இடமும் மிச்சம். ஆனால் எப்போது குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வரவேண்டும் என்பதற்காக, ஆடி மாதப் புழுக்கத்திலும் அந்த இரும்பு மொத்தமும் சூடாகவே காத்திருக்க வேண்டும். எங்கள் பழைய பாய்லரும் இப்படித்தான். கோடையில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கேலன் எண்ணெய் குடித்தது. நாங்கள் இருவர் குளிக்க அவ்வளவு தேவையே இல்லை. இன்று மிச்சமாகும் பணத்தை ஒவ்வொரு கோடையிலும் திருப்பிக் கட்டுகிறோம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, புடேரஸ் போன்ற ஜெர்மன் வகை. எரிந்த புகை நேரே சிம்னிக்குப் போகாமல் மூன்று முறை உள்ளே சுற்றி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. முன்கதவு முழுவதும் திறப்பதால் ஆண்டுக்கொருமுறை தூரிகை போட்டுத் துடைப்பது எளிது. வெந்நீருக்குப் பக்கத்தில் நன்கு காப்பிட்ட தனித் தொட்டி. தேவை இல்லாத நேரத்தில் பாய்லர் குளிர்ந்து கிடக்கலாம். ஒரு எச்சரிக்கை: திரும்பி வரும் நீர் மிகக் குளிர்ந்திருந்தால் புகையிலுள்ள நீராவி உள்ளே நீராகப் படிந்து இரும்பை அரிக்கும். அதைத் தடுக்கும் ஏற்பாட்டை விலைப்புள்ளியில் எழுதி வாங்க வேண்டும். புகையும் முன்னைவிடக் குளிர்ந்து போவதால், செங்கல் சிம்னிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் தேவைப்படலாம். இந்தச் செலவை முதலில் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, எனர்ஜி கைனெடிக்ஸ் நிறுவனத்தின் சிஸ்டம் 2000. எஃகினால் ஆனது, உள்ளே சில கேலன் நீர்தான். பர்னர் அணைந்ததும், மிச்சச் சூட்டைத் தொட்டிக்கோ அறைக்கோ தள்ளிவிட்டுத்தான் ஓய்கிறது. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. தயங்கியது ஒன்றுக்குத்தான்: அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கே உரியது. பிப்ரவரி நள்ளிரவில் நின்றுபோனால், அதை அறிந்த ஆள் எங்கள் ஊரில் ஒருவரே.

புகையிலுள்ள நீராவியைக் குளிர வைத்து அந்த வெப்பத்தையும் பிடிக்கும் பாய்லரும் உண்டு. அதற்குத் திரும்பும் நீர் 117 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் சுவரோரச் சூடேற்றிகளில் ஓடும் நீர் 160க்கு மேல். வீண் செலவு.

வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இறைக்கும் வெப்பப் பம்பையும் ஒதுக்கிவிடவில்லை. 85 விழுக்காடு திறனில் ஒரு கேலன் எண்ணெய் தரும் வெப்பத்துக்கு, எடுக்கும் மின்சாரத்தைப்போல் 2.7 மடங்கு வெப்பம் தரும் பம்ப் சுமார் 13 யூனிட் மின்சாரம் எடுக்கும். உங்கள் மின்கட்டணச் சீட்டில் உள்ள ஒரு யூனிட்டின் விலையை 13ஆல் பெருக்கி, எண்ணெய்ச் சீட்டில் உள்ள ஒரு கேலனின் விலையோடு ஒப்பிடுங்கள். எங்கள் கட்டணத்தில் அது எண்ணெயைவிடக் கூடுதலாக வந்தது. கட்டணம் குறைந்த ஊரில், அல்லது கூரையில் சூரியத் தகடு உள்ள வீட்டில், பம்ப்தான் சரி.

முடிவில் இரண்டாவதைத் தேர்ந்தோம், 0.60 கேலன் நாசிலோடு. நான்காவதாக வந்த ஒருவர் என் கணக்கைப் பார்த்துவிட்டு, தானும் அறை அறையாக அளந்து ஒப்புக்கொண்டார். வேலையை அவரிடமே கொடுத்தோம்.

நீராவியால் சூடாகும் பழைய வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எல்லா ரேடியேட்டர்களையும் ஒரே நேரத்தில் நிரப்பும் அளவுக்கு பாய்லர் இருக்க வேண்டும். வீட்டின் வெப்ப இழப்பை விட்டுவிட்டு, ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து கூட்டுங்கள். அதைச் செய்யாமல் விலை சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.