1962 ஸ்ட்ராடோகாஸ்டராம், எனக்கு நம்பிக்கை வரவில்லை
பழைய எலெக்ட்ரிக் கிதார் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 1962 ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், எல்லாமே ஒரிஜினல் என்று போட்டிருக்கிறார்கள். வெளிப்படங்கள் பிரமாதம். உட்பகுதியைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. நான் கேட்டபிறகுதான் முன்பக்க மூடியான பிக்கார்டைக் கழற்றிப் படம் அனுப்பினார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் என்ற பாகத்தின் முதுகில் 137 6612 என்று பளிச்சென்று தெரிகிறது, அதாவது சிடிஎஸ் கம்பெனி 1966-இல் 12-ஆவது வாரத்தில் செய்தது. பின்னாளில் பாட் மாற்றியிருக்கலாம், சரி, அது குற்றமில்லை, ஆனால் அப்புறம் எதற்கு "எல்லாமே ஒரிஜினல்"? கேட்டால் நெக்கை, அதாவது கிதாரின் கழுத்தை, உடலோடு இணைக்கும் பின்பக்கத் தகட்டிலுள்ள சீரியல் நம்பரைக் காட்டிச் சமாளிக்கிறார்கள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், அதை வேறொரு ஃபெண்டர் கிதாரிலும் மாட்டலாம்! நெக்கைக் கழற்றி அடிமுனையில் இருக்கும் தயாரிப்புத் தேதியைக் காட்டுங்கள் என்றேன், அதுவரை உடனுக்குடன் பேசியவர்கள் சத்தமே இல்லை. அந்தப் படம் வரும்வரை இரண்டு நட்சத்திரம்தான்.