‘உங்கள் மாடலர் பழசு’ என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கிதார் ஆம்ப் மாடலர், அதாவது பலவகை ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை மென்பொருளால் போலிசெய்யும் பெட்டி, வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். “பெட்டி பழசாகிவிட்டது, கொடுத்துவிட்டுப் புதியது வாங்குங்கள்” என்று விற்பனையாளர் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன்.

என்னிடம் இருந்தது லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் என்ற மாடலர். வீட்டிலுள்ள கிதார் ஆம்பில் செருகி வாசித்தால் ஒலி கம்பளி போர்த்தியதுபோல் மங்கிக் கிடந்தது. கடைக்கு எடுத்துப் போனேன். விற்பனையாளர் அதை இயக்கி, திரையில் தெரிந்த மென்பொருள் பதிப்பு எண்ணை நகத்தால் தட்டிக் காட்டினார். “இது 2.80. இப்போது 3.50 வந்துவிட்டது சார். உங்கள் பெட்டியின் சிப் அதைத் தாங்காது.”

பிறகு ஒப்பிட்டுக் காட்டினார். என்னுடையதை ஒரு கிதார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினார். புதிய மாடலரை ஸ்டூடியோ ஸ்பீக்கர்களில் இணைத்தார். இரண்டு கேபிள்களும் வேறு வேறு இடத்துக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. பழையதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து புதியதை என் ஆம்பில் செருகினேன். அதே கம்பளி!

அன்றிரவு கையேட்டைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாடலருக்குள் ஸ்பீக்கர் கேபினெட்டின் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி) ஒலியும் போலியாக உருவாக்கப்படுகிறது. அதை அணைக்காமல் உண்மையான கிதார் ஆம்புக்குள் விட்டால், ஒலி இரண்டு ஸ்பீக்கர்களைக் கடந்து வந்ததுபோல் ஆகிவிடும். கடையில் புதியது ஸ்டூடியோ ஸ்பீக்கரில் ஒலித்ததால்தான் அந்த மங்கல் தெரியவில்லை. மாடலருக்குள் இருக்கும் போலிக் கேபினெட்டை அணைத்தேன், வெளியே போகும் சிக்னலின் அளவை ‘லைன்’ நிலையிலிருந்து ‘இன்ஸ்ட்ருமென்ட்’ நிலைக்கு மாற்றினேன். ஒலி பளிச்சென்று திறந்துகொண்டது. என் பழைய பெட்டிக்கும் இந்த இரண்டு மாற்றங்கள் போதுமாயிருந்திருக்கும்.

சிப் தாங்காது என்றதும் பொய். 2022இல் வெளியான 3.50 பதிப்பு, போலிக் கேபினெட் பகுதியையே புதிதாக மாற்றியமைத்தது. 2015இல் வந்த முதல் ஹீலிக்ஸிலும் அது இலவசமாக ஏறும். ஒரு யு.எஸ்.பி. கேபிளும் கணினியும் இருந்தால் போதும். இன்னொரு மாடலர் நிறுவனமான கெம்பர், 2011இல் அறிமுகமான தன் பெட்டிக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புதிய வசதிகளை மென்பொருளாகவே கொடுத்துவந்தது. மாடலரில் ஆம்பின் ஒலி வெறும் கணக்கீடு. பழையவகை ஆம்பிலுள்ள கண்ணாடி வால்வைப்போல அது தேய்வதில்லை. தேய்வது கால் சுவிட்சும் ஜாக்கும்தான், அவற்றைப் பழுதுபார்க்கலாம். உங்களுக்கு வேண்டிய எஃபெக்டுகளை எல்லாம் ஒரே பிரீசெட்டில் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) சேர்க்க முடியாமல் செயலித் திறன் தீர்ந்துபோனால், அப்போது புதிய வன்பொருளைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

எனவே ஒப்பிட்டுக் காட்டுபவரிடம் இரண்டு பெட்டிகளையும் ஒரே கேபிளில், ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில் கேட்கவேண்டும் என்று வற்புறுத்துங்கள். பெட்டியைக் கொடுப்பதாகவே முடிவு செய்தாலும் பிரீசெட்டுகளை முதலில் கணினியில் சேமித்துவிடுங்கள். நான்கு ஆண்டுகளாக நான் உருவாக்கி வைத்திருந்தவை அந்தப் பெட்டியோடு போய்விட்டன. மறுநாள் போய்க் கேட்டபோது, “நேற்றே அழித்துவிட்டோம் சார்” என்றார்.