மலையில் தப்பிய ஷூ, பெட்டிக்குள் செத்தது

மண்டபத்துக்காரன் மலை ஏறுகிறான் என்றால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கம் உயரம் என்றால் ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம்தான். மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிவிடலாம். ஆனாலும் 2016 முதல் ஒரு டைரி வைத்திருக்கிறேன். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், காலில் என்ன போட்டிருந்தேன் என்பது வரை அதில் இருக்கும்.

கணுக்காலை மூடும் இந்தத் தோல் ஷூவை மதுரையில் 5,800 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

மலையில் குறை சொல்ல முடியாது. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினேன். வழியெல்லாம் உருளைக்கல், முழங்கால் கெஞ்சியது. விரல் நுனி இடிக்கவில்லை, ஒரு கொப்புளம் இல்லை. வெள்ளகவிக்குள் மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்; அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. சதுரகிரியில் ஓடை தாண்டும்போது ஈரப் பாறையில் இரண்டு முறை வழுக்கியது. வெள்ளியங்கிரி இந்தக் கணக்கில் வராது, அங்கே எனக்கு வெறுங்கால்தான்.

உச்சிப்புளிப் பக்கம் சீமைக்கருவை முள் அடியில் ஏறி ஒடிந்தது, காலைத் தொடவில்லை. ரப்பர் செருப்பாக இருந்தால் மேலே வந்திருக்கும். ஆனால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார் ரோட்டை விட்டுக் கரையோரமாக நடந்த அன்று, போக வர சுமார் 19 கிலோமீட்டரும் வேகிற காலோடுதான்.

அப்புறம் எட்டு மாதம் பெட்டியில் கிடந்தது. எடுத்தபோது மேலே பளபளப்பு. பஸ் ஸ்டாண்டு போவதற்குள் குதிகால் பிட்டு மாதிரி உதிர்ந்தது! விற்ற கடைக்காரர் உப்புக்காற்று என்று முடித்துவிட்டார். உப்பு இல்லை, ஈரம். ஷூவின் நடு அடியில், அதாவது காலுக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது, பாலியூரித்தேன் என்கிற நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவா வேண்டும்?

ராமநாதபுரத்தில் செருப்புத் தைக்கும் அண்ணன் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டுனா நிக்காது தம்பி, உள்ள பஞ்சாப் போச்சு" என்றார். முழு அடியையும் பிரித்துவிட்டு ஈவிஏ என்கிற வேறு வகை நுரை ஷீட்டும் ரப்பரும் வைத்துச் சுற்றித் தைத்தார். 450 ரூபாய். ஈவிஏ இப்படி உதிராது. கடற்கரைக்காரர்கள் வாங்கும்போதே நடு அடி என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

போன மாதம் அதே ஷூவோடு சதுரகிரி. டைரியில் "மேல் பழசு, கீழ் புதுசு; ஓடையில் வழுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.